சுவர் அதிரும்படி ஒரு மோட்டார்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், சுவிட்சை அணைச்ச பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் சுத்துதே, அப்ப அதைச் சுத்துறது யாரு?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் கொஞ்ச தூரம் ஓடுகிறதே என்று உதாரணம் சொல்லி விளக்கினேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆனாலும், "நான் யாருன்னு கேட்டேன், நீங்க எப்படின்னு சொல்றீங்க" என்பது போலத்தான் என்னைப் பார்த்தாள். சில நாட்களாக அந்தப் பெண் என் நினைவை விட்டுப் போகவே இல்லை.

நம் பட்டறையில் இரும்பு கடையும் லேத்தின் மோட்டார் எரிந்துவிட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் பிள்ளை சுருள் இறந்த பிறகு அந்த மெஷினில் யாரும் வேலை செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் தினமும் காலையில் நான் அதை ஓடவிடுவேன் என்பது உனக்குத் தெரியாது. பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருநாள் ஏதோ ஒரு துண்டைக் கடைந்துகொள்கிறேன் என்று கேட்டு வந்தார். அவர் மெஷினைப் போட்டதும், உள்ளே இருந்த உன் அத்தான் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "வந்துட்டான்" என்றார். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். மகன் எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மெஷின் ஓடினால் அவன் பட்டறையில் இருக்கிறான். அவ்வளவுதான் அவர் கணக்கு. மழையில் பைக் சறுக்கியது, மருத்துவமனை, அதற்குப் பிறகு நடந்தது, எதுவும் அவருக்கு நினைவில் தங்குவதில்லை. அதனால் நானும் தினமும் காலையில் சுவிட்சைப் போட ஆரம்பித்தேன்.

எரிந்தது இப்படித்தான். அன்று வழக்கம்போலப் போட்டுவிட்டு சமையலறைக்குப் போனேன். மூன்று ஃபியூஸில் ஒன்று போயிருந்திருக்கிறது. மோட்டார் சுற்றவில்லை, நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் கை வைத்துத் திருப்தியாக உட்கார்ந்திருந்தார். எனக்கும் சமையலறையில் அந்த உறுமல் கேட்டது. வேறு எந்த வீட்டிலும் யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் சத்தம் மட்டும் போதுமாக இருந்தது. புகை வந்த பிறகுதான் ஓடினேன்.

மோட்டாரில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் வந்து பார்த்தார். "காயில் மட்டும் போயிருந்தா கட்டித் தந்துடுவேன்மா. உள்ள தகடே உருகி ஒட்டிக்கிச்சு. இதைக் கட்டிக் கொடுத்தா நாளைக்கு நீங்க என்னைத்தான் திட்டுவீங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில், என்னை டீச்சர் என்றே கூப்பிடும் உன் அத்தானிடமிருந்து கேள்வி வருகிறது. "டீச்சர், அவன் எங்கே?" உண்மையைச் சொன்னால், அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறவரைப் போல அழுகிறார். கடைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னால், வாசலில் போய் நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கிறார். இரண்டில் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் நான் கண் விழிக்கிறேன்.

அது மூன்று ஃபேஸ் மோட்டார். மூன்று குதிரைத் திறன். கனமான இரும்பு வார்ப்பு. நிமிடத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது சுற்று என்று தகட்டில் மங்கலாகத் தெரிகிறது. சுமார் ஒரு முழ நீளம் இருக்கும். உன் ஊரில் பழைய இயந்திரங்கள் கிடைக்கும் தெரு ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். இதே மாதிரி ஒன்றைத் தேடி லாரியில் அனுப்பிவிடு. நீ வர வேண்டாம். ஃபோனும் செய்யாதே. உன் குரல் கேட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். போன வருடம் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அக்கா

ஜூன் 12

அக்காவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அத்தானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், பிரிக்காமல் என் மெஷின் ரிப்பேர் கடையில் வேலை மேஜை மேலேயே வைத்திருந்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதன்மேல் ஸ்பானரை வைத்துவிட்டுப் போனான். கடைசியில் தைரியம் வந்து பிரித்தால், மோட்டார் வேண்டுமாம்.

போன வருடம் நடந்ததை நீ எழுதப் போவதில்லை என்றால் நான் எழுதுகிறேன். சுருள் போய்க் கொஞ்ச நாள் கழித்து வந்தேன். வாசலில் நின்று, "அக்கா, தண்ணி குடு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அத்தான் உள்ளே இருந்து ஓடிவந்து, "வந்துட்டியாடா" என்று கட்டிக்கொண்டார். என் குரல் அவன் குரலைப் போல இருப்பது நான் செய்த குற்றமா? உண்மையில் அவனுக்குத்தான் என் குரல் வந்தது. நான் முதலில் பிறந்தவன். அவர் எனக்குச் சோறு போடச் சொன்னார். தலையைத் தடவி, முடியில் இரும்புச் சுருள் ஒட்டியிருக்கிறதா என்று தேடினார். சுருள் என்ற பட்டப்பெயரை அவனுக்கு வைத்ததே நான்தானே, எப்போதும் முடியில் இரும்புச் சுருள் ஒட்டியிருக்கும் என்பதால். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் ஒருநாள் முடியவில்லை. "நான் அவன் இல்ல அத்தான். அவன் செத்துட்டான்" என்று சொல்லிவிட்டேன். நீ என்ன சொன்னாய்? "போயிடு. இனி இந்த வீட்டுல உன் குரல் கேக்கவே கூடாது." அந்த வார்த்தையை நான் இன்றுவரை மீறவில்லை. நீதான் இப்போது எழுதுகிறாய்.

வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவள், பொய் சொல்வதற்கு மூன்று குதிரைத் திறனில் மெஷின் கேட்கிறாய். அதுவும் என்னிடம் கேட்கிறாய்.

சத்தம்தான் வேண்டும் என்றால் எதற்கு மோட்டார்? அவன் வேலை செய்யும்போது எடுத்த வீடியோ யாரிடமாவது இருக்கும். ஃபோனில் போட்டுவிடு. வேலை முடிந்தது.

அதெல்லாம் ஆகாது என்றால் ஒழுங்காக அளந்து அனுப்பு. ஒரு முழம் என்று எழுதியிருக்கிறாய். மோட்டார் என்ன பூச்சரமா, முழத்தில் அளக்க? அடிப்பலகையிலிருந்து தண்டின் மையம் வரை உயரம் வேண்டும். கால்களில் போல்ட் போகிற துளைகளுக்கு இடையே உள்ள தூரம் வேண்டும். தண்டின் கனம், அதில் சாவிக்கட்டை உட்காருகிற பள்ளத்தின் அகலம், எல்லாம் வேண்டும். அந்தக் காலத்து மோட்டார்கள் அங்குலக் கணக்கில் செய்தவை. இப்போது வருவதெல்லாம் மில்லிமீட்டர். மயிரிழை மாறினாலும் உன் பழைய புல்லி ஏறாது.

தேடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அளந்து அனுப்பு என்றுதான் சொல்கிறேன்.

தம்பி

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

அளவுகளைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சுருளின் வெர்னியர் அளவுகோலை எடுத்துத்தான் அளந்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்திருக்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் பிள்ளைகளை அப்படித்தான் செய்யச் சொல்வேன். இனி முழத்தைப் பற்றிப் பேசாதே.

வீடியோவை நீ சொல்வதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டேன். பக்கத்துப் பட்டறைக்காரரின் ஃபோனில் ஒன்று இருந்தது. அதை என் ஃபோனுக்கு வாங்கி, கட்டிலுக்கு அடியில் வைத்து ஓடவிட்டேன். அவர் எழுந்து தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பெட்டிக்குள்ள யாரைப் போட்டு அடைச்சிருக்கே டீச்சர்? மூச்சு விட முடியாம கத்துறான் பாரு" என்றார். கத்தரிக்கோலை எடுத்து ஃபோனைப் பிளக்கப் போனார். ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அந்த வீடியோவை அழித்துவிட்டேன்.

ஏன் அது போதாது என்று யோசித்துப் பார்த்தேன். என் பள்ளியில் காது கேளாத ஒரு மாணவி இருந்தாள். மணி அடித்ததும் எல்லாரையும்விட முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான். மற்றப் பிள்ளைகள் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். அவள் பெஞ்சில் கை வைத்தே இருப்பாள்; மணி அடித்தால் பலகை அதிரும். உன் அத்தானும் அப்படித்தான். அவர் காதால் கேட்பது பாதி. மீதி சுவரிலிருந்து உள்ளங்கைக்கு வருகிறது. மெஷினின் அடிப்படுக்கை தரையில் பதிந்திருக்கிறது, தரையோடு சுவர் இருக்கிறது, சுவரோடு அவர். அதனால்தான் கனமான பழைய மோட்டாரே வேண்டும் என்கிறேன். இப்போது வரும் மெலிந்த மோட்டாரை வைத்தால் சுவர் அசையாது.

பொய்யைப் பற்றிக் கேட்டிருந்தாய். காய்ச்சல்காரனின் நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம். அது மருந்தில்லை என்று போடுகிறவளுக்கும் தெரியும். அதற்காக யாரும் போடாமல் இருப்பதில்லை. போன வருடம் நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. நீ வருத்தப்பட்டது எனக்குத் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று தயங்கித்தான் கடைசியில் வைத்திருக்கிறேன். நேற்றுக் காலையில் அவர் கேட்கவே இல்லை. நானே போய், "என்ன, இன்னைக்கு ஒண்ணும் கேக்கல?" என்றேன். "எதுக்குக் கேக்கணும்? ஓடுதே" என்றார். என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார்.

தம்பி, சுவர் அதிர்ந்தது.

எரிந்த மோட்டாரைக் கழற்றி முற்றத்தில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். பட்டறைக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். மெஷின் அசையாமல் நின்றது. பெல்ட் மட்டும் தொங்கிய இடத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. தெருவில் லாரி ஏதாவது போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். லாரி போன சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

சீக்கிரம் தேடு.

அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

லாரிதான். சந்தேகமே வேண்டாம். கனமான லாரி போனால் இங்கே என் மேஜையில் இருக்கிற போல்ட் நட்டெல்லாம் நடனம் ஆடும். நீ பாடம் நடத்திய அறிவியலை நீயே மறந்துவிடாதே.

தேடினேன். தேடுகிறேன் என்று நான் சொல்லவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

பழைய இரும்புத் தெருவில் ஒரு கடைக்காரர் இருக்கிறார். எதைக் காட்டினாலும் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார். அதனால் எல்லாரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். உன் அளவுத் தாளைக் காட்டினேன். "இதை அளந்தது யாரு? இவ்வளவு சுத்தமா நம்ம தெருவுல ஒருத்தனும் எழுத மாட்டானே" என்றார். பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

முதலில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். கரண்டு கொடுத்துப் பார்த்தேன். கொசு காதுக்குள் புகுந்த மாதிரி கீச்சென்றது. வேண்டாம் என்றேன். அடுத்தது சரியான உயரம். ஆனால் வேகம் அதிகம், அழுகிற குழந்தை மாதிரி மேலே மேலே போனது. அதுவும் வேண்டாம் என்றேன். தராசுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்யா, ஓடுதாங்கிறதைப் பாப்பியா, கண்ணை மூடிட்டுத் தலையாட்டுவியா? மோட்டார் வாங்க வந்தியா, கச்சேரி கேக்க வந்தியா?"

"கச்சேரிதான். போடுங்க அடுத்ததை."

"உன்ன மாதிரி ரெண்டு பேர் வந்தா நான் கடையைச் சாத்திட்டு மேளம் வாங்கிடுவேன்."

அந்தச் சத்தம் எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கும் என்று நானே நினைக்கவில்லை. அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஆரம்பிக்கும். பிறகு ஒரு சமமான உறுமல். நடுநடுவே மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு. விடுமுறைக்கு நான் அங்கே வரும்போதெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டேதான் எழுந்திருப்பேன்.

கிடைத்துவிட்டது. மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கால் துளைகள் ஒட்டாது. நான் நீளவாக்கில் அறுத்துச் சரிசெய்துவிட்டேன். தண்டு கொஞ்சம் தடிமனாக இருந்ததைக் கடைந்து குறைத்தாகிவிட்டது. காயில் புதிதாகக் கட்டியிருக்கிறது, கவலை வேண்டாம்.

என் கடையில் தரையில் போல்ட் அடித்து நிறுத்தி ஓடவிட்டுப் பார்த்தேன். நீ எழுதியிருந்தாயே என்று நானும் சுவரில் கை வைத்தேன். பின்னால் இருந்து யாரோ "மாமா" என்று கூப்பிட்டார்கள்.

கடையில் யாரும் இல்லை. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன். திரும்பிப் பார்த்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் மோட்டாரை உடனே நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டுவைத்தேன். ஏன் என்று கேட்காதே.

ஒரு நிபந்தனை. இதை நான்தான் வந்து மாட்டுவேன். உள்ளூர் ஆள் யாரையாவது கூப்பிட்டு மாட்டினால் மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்துவிடுவான். மூன்று ஃபேஸ் மோட்டாரில் எந்த இரண்டு வயர் மாறினாலும் அது திருப்பிச் சுற்றும். சக்கரத்தைப் பார்த்து ஓடுகிறது என்று நீயும் சந்தோஷப்படுவாய். மெஷின் கெட்டுப்போகும். அரைவேக்காட்டு ஆட்களை நம்பி இதைக் கொடுக்க மாட்டேன்.

வரலாமா, கூடாதா என்று எழுது.

தம்பி

ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

வா.

பின்பக்கச் சந்து வழியாகப் பட்டறைக்குள் நேராகப் போய்விடு. கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன். செருப்பைச் சந்திலேயே விட்டுவிடு. நான் அவரை உள் அறையில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். ஏதாவது வேண்டுமென்றால் ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளு. பேசாதே. இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்.

உன்னைத் திருடனைப் போல வரச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. நாலைந்து நாட்களாக அவர் தண்ணீர் தவிர வேறு எதுவும் சரியாக இறக்குவதில்லை. வாசலில் நிற்கும்போது கால் நடுங்குகிறது. அதனால் உன் மனதைப் பற்றி இப்போது என்னால் யோசிக்க முடியவில்லை.

அக்கா

ஜூலை 27

அக்காவுக்கு,

சொல்லாமல் கிளம்பி வந்ததற்குத் திட்டி எழுதுவாய் என்று காத்திருந்தேன். நீ எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். நீ அங்கேதான் நின்றாய். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். செருப்பைச் சந்தில் விட்டேன். துடைக்கும் துணியை வாயில் கடித்துக்கொண்டுதான் மோட்டாரைத் தூக்கி வைத்தேன், முனகிவிடக் கூடாது என்று. போல்ட்டெல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. புல்லி ஏறியது. பெல்ட்டை மாட்டி, வயரைக் கொடுத்து, சுவிட்சைப் போட்டேன்.

ஓடியது. ஆனால் ஏதோ சரியில்லை. செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற ஆளின் சத்தம் மாதிரி ஒன்று கூடவே வந்தது. இத்தனை வருடம் இதே தொழிலில் இருக்கிறேன், என்னவென்று பிடிபடவில்லை. ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"திருப்பிச் சுத்துதுடா."

எப்போது எழுந்தார், எப்படி அவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பவில்லை.

"கியர் பல்லெல்லாம் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. மறுபக்கம் கடிச்சா இப்படித்தான் இழுக்கும். மூணுல ரெண்டு வயரை மாத்து."

உனக்கு நான் எழுதிய அதே தப்பு. அரைவேக்காட்டு ஆள் செய்வான் என்றேனே, அதை நானே செய்திருந்தேன். அந்த நேரத்தில் அத்தான் பழைய அத்தானாகவே இருந்தார் அக்கா. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. மெஷினை நிறுத்தி, இரண்டு வயரை மாற்றிப் போட்டேன். மறுபடி சுவிட்சைப் போட்டேன். அந்தச் சத்தம் வந்தது. எந்தச் சத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பின்னால் வந்து நின்ற நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அவர் பக்கத்தில் வந்தார். சுவரில் வைக்கிற மாதிரி என் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"ஏன்டா பேச மாட்டேங்குறே? டீச்சர் திட்டினாளா?"

நீ தலையை ஆட்டினாய். பேசு என்று ஆட்டினாயா, பேசாதே என்று ஆட்டினாயா, எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லிவிட்டேன். "இல்லப்பா."

"சரி, கையைக் கழுவிட்டுச் சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நீயும் அவர் பின்னால் போனாய். நான் சாமான்களை வாரிப் பையில் போட்டுக்கொண்டு சந்து வழியாக ஓடிவந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒரு ஸ்பானரைக் கையிலேயே பிடித்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது என் தொந்தரவு வேறு. அந்த "இல்லப்பா" என்னுடையது மாதிரி இல்லை. நான் அப்படிக் கடைசியில் இழுத்துப் பேசுகிறவன் இல்லை. அப்படி இழுப்பது அவன். நான் சொன்னேனா, வேறு யாராவது என் வாயை இரவல் வாங்கிக்கொண்டு சொன்னார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. கடையில் வேலை செய்யும்போது அதைத் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். அந்த மாதிரி வரவே மாட்டேன் என்கிறது.

செத்துவிட்டான் என்று சொன்னதற்கு என்னை வீட்டை விட்டு அனுப்பினாய். இப்போது அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட்டு நானே வந்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் வந்தால் நான் அவனாகத்தான் வர வேண்டும். என்னால் முடியாது. அதனால் என்னை இனிக் கூப்பிடாதே.

மோட்டாரின் இரண்டு முனையிலும் கிரீஸ் வைக்கிற மூடி இருக்கிறது, மாதம் ஒருமுறை திருகிவிடு. சுவிட்சைப் போட்டதும் சத்தத்தை நம்பி நகராதே. சக்கரம் சுற்றுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போ.

தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

மோட்டார் நன்றாக ஓடுகிறது. கிரீஸ் மூடியைத் திருகினேன். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எழுதத்தான் கை வரவில்லை.

நீ போன பிறகு சில நாட்கள் நான் நினைத்தபடியே நடந்தது. காலையில் சுவிட்சைப் போடுவேன். சக்கரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். அவர் சுவரில் கை வைப்பார், சாப்பிடுவார். கேள்வி இல்லை. கால் நடுக்கம் குறைந்து, உடம்பு கொஞ்சம் தேறியது.

ஒருநாள் காலையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பட்டறைக்கு வந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், வேலை இல்லாம எதுக்கு இதை ஓடவிடுறே? கரண்டு என்ன சும்மாவா வருது?"

"அவன் வேலை செய்வான்ல" என்றேன்.

"யாரு?"

"நம்ம பையன்."

கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு நிற்கிற பிள்ளையை நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். கோபமாகப் பார்க்க மாட்டேன். அது தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பேன். அவர் என்னை அப்படித்தான் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்.

"அவன்தான் இல்லையே, டீச்சர்."

அவர் அழவில்லை. நான்தான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் நிதானம் வந்த பிறகு, "அப்ப அன்னைக்கு வந்து மோட்டார் மாட்டினது?" என்று கேட்டேன்.

"அது வேற பையன். வேலைக்காரப் பையன்தான், கை நல்ல கை. ஆனா வயரை மாத்திக் கொடுத்துட்டான். நம்ம பையனா இருந்தா அந்தத் தப்பு வந்திருக்காது." பிறகு மறுபடி சொன்னார். "பாவம், பயந்து பயந்து பேசுறான். என்னை அப்பான்னான். அவனுக்கு அப்பா இல்ல போலிருக்கு. சரி, கூப்பிட்டுட்டுப் போகட்டும்னு நானும் விட்டுட்டேன்."

இதை நான் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். நம் அப்பா போகும்போது நீ தவழ்கிற குழந்தை. அவரை அப்பா என்று நீ கூப்பிட்டதே இல்லை. உன் அத்தானுக்கு அன்று நீ யார் என்று தெரியாது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

எல்லா நாளும் இப்படி என்று நினைத்துவிடாதே. சில நாள் பழைய கேள்வியே வருகிறது, பழைய அழுகையும் வருகிறது. ஆனால் பெரும்பாலான நாட்களில் இப்போது வேறு கேள்வி. "அந்தப் பையன் எப்ப வருவான்?" என்று கேட்கிறார். வயர் கொடுப்பது எப்படி என்று ஒருமுறை காட்டிக் கொடுக்க வேண்டுமாம். வந்தால் சாப்பிடாமல் போகவிடக் கூடாதாம். அன்று இலை போட்ட பிறகு காணோம் என்று அவருக்கு இன்னும் வருத்தம்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த "இல்லப்பா" யாருடைய குரல் என்று எனக்கும் தெரியாது. பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது அவன் குரலாகத்தான் கேட்டது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய், முடியில் ஏதோ இரும்புத் தூள் மின்னியது, மெஷின் ஓடியது. ஒரு கணம் நான் அவனைத்தான் பார்த்தேன். தலையை ஆட்டியதும் அதனால்தான். பேசு என்றா, பேசாதே என்றா என்று நீ கேட்கிறாய். நான் ஆட்டியது உன்னைப் பார்த்து இல்லை. அவருக்கு மட்டும்தான் அது அவன் குரலாகக் கேட்கவில்லை. நம் இரண்டு பேரையும்விட அவர்தான் அன்று சரியாகக் கேட்டிருக்கிறார்.

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினேன். ஆனால் மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் மெதுவாகப் போய்ச் சுவிட்சைப் போடுகிறேன். சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பது இப்போது நான். அவருக்காகத்தான் மோட்டார் தேடச் சொன்னேன் என்று உனக்கு எழுதினேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளைக்கு முன்பு கரண்டு இல்லை. அன்றும் போய்க் கை வைத்தேன். அதிர்ந்தது. லாரி என்று நீ சொல்வாய். சொல். நீ நேரில் வந்து சொன்னால் நம்புவேன் என்று நினைக்கிறேன்.

அவனாக நீ வர வேண்டாம். இந்த வீட்டில் அவனை எதிர்பார்த்து இப்போது நிற்பது நான் ஒருத்திதான். என்னை நீ ஏமாற்ற முடியாது. அவர் எதிர்பார்ப்பது வயரை மாற்றிக் கொடுத்த பையனை. எப்போது வருவான் என்று தினமும் கேட்கிறார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான், பொய் சொல்லாமலும் அவரை அழவைக்காமலும் நான் பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் உன்னிடம் இருக்கிறது.

கிளம்பி வா. வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீ யார் என்று சொல்லிப் பார்.

அக்கா